9,800 மைல் மட்டுமே ஓடிய ஃபெராரி: வாங்கலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். வயது 52. 1999-இல் பதிவான ஃபெராரி 456எம் ஜிடிஏ ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. ஒரே உரிமையாளர், ஓடியது 9,800 மைல், கேட்கும் விலை 72,000 பவுண்ட். விற்பது ஒரு டீலர். என்னிடம் 85,000 பவுண்ட் சேமிப்பு இருக்கிறது. வீட்டுக்கடன் பாக்கி 64,000, 4.6 சதவீத ஃபிக்ஸ்ட் ரேட் இன்னும் நான்கு மாதத்தில் முடிகிறது. சேமிப்பில் 52,000 எடுத்து, மீதி 20,000-க்கு 7 சதவீத வட்டியில் ஐந்து வருட பெர்சனல் லோன் போட நினைக்கிறேன். வார இறுதிகளில் ஓட்டுவேன். ஐந்து வருடம் கழித்து விற்றால் நல்ல லாபம் வரும், அதற்கு வரியும் கிடையாது என்கிறார்கள். இது சரியான முதலீடா?

பதில்: இந்தக் காரை, இந்த விலைக்கு, லோன் போட்டு வாங்காதீர்கள். காரில் குறை கண்டு சொல்லவில்லை. ஓட்டுவது, லாபத்துக்கு விற்பது என்று நீங்கள் செய்ய நினைக்கும் இரண்டு காரியங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால் சொல்கிறேன்.

456 என்பது 1992-இல் வந்த, பினின்ஃபரினா வடிவமைத்த நான்கு இருக்கை வண்டி. முன்பக்கம் 5,474 சிசி வி12 இன்ஜின். 12-ஆல் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 456 சிசி, பெயர் அங்கிருந்து வந்தது. 1998-இல் திருத்திய வடிவம்தான் 456எம். ஜிடிஏ என்றால் நான்கு கியர் ஆட்டோமேட்டிக். இங்கேயே ஒன்றைக் கவனியுங்கள்: சேகரிப்பாளர்கள் கூடுதல் பணம் கொடுக்கத் தயாராக இருப்பது ஆறு கியர் மேனுவலுக்கு. உங்களுக்கு வந்திருப்பது மற்றது. ஓட்டச் சுகமான கார், ஆனால் நாளைக்கு விற்கும்போது வரிசையில் நிற்கும் ஆட்கள் குறைவு.

இப்போது மைல் கணக்கு. அந்த 72,000-இல் ஒரு பெரிய பங்கு "ஓடாமல் இருந்தது" என்பதற்கான விலை. வருடத்துக்கு 40 நாள், நாளைக்கு 50 மைல் என்று ஓட்டினால் வருடம் 2,000 மைல். ஐந்து வருடத்தில் மீட்டர் 19,800 காட்டும். உரிமையாளர் இரண்டு பேர் ஆகியிருப்பார்கள். எதற்காகக் கூடுதல் பணம் கொடுத்தீர்களோ அதை நீங்களே ஓட்டித் தீர்த்திருப்பீர்கள். ஓட்டாமல் மூடி வைத்தால் அந்த மதிப்பு நிற்கும். ஆனால் அப்போது உங்களிடம் இருப்பது வட்டியும் தராமல், வாடகையும் தராமல், வருடா வருடம் செலவு மட்டும் கேட்கும் ஒரு சொத்து.

செலவைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் மதிப்பீடு. உங்களுக்கு வரும் கோட்டேஷனை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் 900. ரோடு டாக்ஸ் சுமார் 360. எம்ஓடி (வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனை) 55. பூட்டு போட்ட, ஈரமில்லாத கராஜ் வாடகை மாதம் 100 வீதம் 1,200. வருடாந்தர சர்வீஸ் 1,200. இதோடு நீங்கள் மறந்துவிட்ட ஒன்று: யூலெஸ் (புகைத் தரம் எட்டாத வண்டிக்குத் தினக் கட்டணம் வாங்கும் லண்டன் மண்டலம்). பெட்ரோல் கார் யூரோ 4 தரத்தில் இருக்க வேண்டும். 1999 கார் அந்தத் தரத்துக்கு முந்தையது. 2023 ஆகஸ்ட் முதல் லண்டனின் எல்லா பரோக்களும் அதற்குள் வந்துவிட்டதால், ஹாரோவில் வீட்டு வாசலை விட்டுக் காரை எடுத்தாலே அன்றைக்கு 12.50 பவுண்ட். ஹைகேட் முருகன் கோயிலுக்குப் போய் வந்தாலும் அதே 12.50தான். 40 நாளுக்கு 500. 40 வயதான வண்டிக்கு விலக்கு உண்டு. உங்கள் காருக்கு அந்த வயது 2039-இல்தான் வரும். ஆக வருடம் 4,200, ஐந்து வருடத்தில் 21,000.

அடுத்து, வாங்கியவுடன் செய்ய வேண்டிய வேலைகள். குறைந்த மைல் ஓடிய கார் என்றால் செலவு குறைவு என்று நினைப்பது இயல்பு. இந்த வயது காரில் பெரும்பாலும் நேர்மாறு. ரப்பருக்கு மைல் கணக்குத் தெரியாது, வருடக் கணக்குதான் தெரியும். இந்த வி12-இல் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்களை ஓட்டுவது பல் வைத்த ரப்பர் பெல்ட். அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும். அப்புறம் இன்ஜினைத் திறந்து செய்யும் வேலைக்கு எத்தனை ஆயிரம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது கவனமுள்ளவர்களின் வழக்கம், ஐந்தைத் தாண்ட விடக்கூடாது. "2016-இல் 9,300 மைலில் மாற்றியது, அதற்கப்புறம் 500 மைல்தான் ஓடியிருக்கிறது" என்று டீலர் சொன்னால், அந்த பெல்ட் காலாவதியானது என்றுதான் அர்த்தம். ஒரே இடத்தில் வருடக்கணக்கில் மடங்கி நின்ற பெல்ட், ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டைவிட மோசம். நல்லவேளை, இன்ஜின் முன்பக்கம் இருப்பதால் அதை வெளியே இறக்காமல் மாற்றலாம். டென்ஷனர் பேரிங்குகளையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பேரிங்கை விட்டால் செய்த வேலை பாதிதான்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2311 என்றால் 2011-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. பள்ளம் புதிதுபோல ஆழமாக இருந்தாலும் பத்து வயதான டயரில் இந்தக் காரின் வேகத்துக்குப் போகக்கூடாது. பின்பக்க சஸ்பென்ஷன் சுமைக்கேற்பத் தானே உயரத்தைச் சமன்செய்யும் ஹைட்ராலிக் வகை. அதன் டேம்பர்கள் (அதிர்வைத் தணிக்கும் பாகங்கள்) கசிவது தெரிந்த வியாதி, நின்ற வண்டியில் சீல் காய்ந்து இன்னும் சீக்கிரம் வரும். எரிபொருள் ஹோஸ், கூலன்ட் ஹோஸ், பிரேக் காலிப்பர் எல்லாவற்றையும் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். ஃபிரேம் இல்லாத கதவுக் கண்ணாடி வேகத்தில் சீலை விட்டு விலகிக் காற்று சத்தம் போடுவது, உள்ளே சுவிட்சுகளின் மேல்பூச்சு உருகிக் கையில் ஒட்டுவது, டேஷ்போர்டு தோல் சுருங்குவது இவையெல்லாம் உயிருக்கு ஆபத்தில்லை, பணத்துக்கு ஆபத்து. அலுமினியப் பலகையும் இரும்பு ஃபிரேமும் சேரும் இடங்களில் பெயின்ட் குமிழ் விட்டிருக்கிறதா என்று கதவின் அடியிலும் சக்கர வளைவிலும் விரலால் தடவிப் பாருங்கள். பெல்ட், டயர், டேம்பர், ஹோஸ் எல்லாம் சேர்த்து 6,500 ஒதுக்குங்கள். குறைந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத செலவு. 52,000-ஐக் காரில் போடாமல் வீட்டுக்கடனில் போட்டால் 4.6 சதவீதத்தில் வருடம் 2,392 பவுண்ட் வட்டி மிச்சம். ஐந்து வருடத்தில் சுமார் 12,000. உங்கள் புது ரேட் கூடினால் இதுவும் கூடும். வங்கியில் வைத்தால் வரும் வட்டிக்கு வரி உண்டு, மிச்சமாகும் வட்டிக்கு வரி கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெர்சனல் லோனுக்கு ஐந்து வருடத்தில் கட்டும் வட்டி சுமார் 3,700.

21,000, 6,500, 12,000, 3,700 எல்லாம் சேர்த்து மொத்தம் 43,200. போட்ட பணம் மட்டும் திரும்பி வரவே கையில் 115,200 கிடைக்க வேண்டும். ஏலத்திலோ டீலர் மூலமோ விற்று 6 சதவீதம் கமிஷன் போனால், விற்பனை விலை 122,500 ஆக வேண்டும். அதாவது இரட்டிப்பு மைலோடு, இரண்டாவது உரிமையாளரோடு, ஒரு ஆட்டோமேட்டிக் 456 ஐந்து வருடத்தில் 70 சதவீதம் விலை ஏற வேண்டும். அதை நம்பி ஒருவர் தன் சேமிப்பில் 60 சதவீதத்தைப் போடலாம் என்று என்னால் எழுத முடியாது. விலை ஏறாமல் அதே 72,000-க்கு, கமிஷனும் இல்லாமல் விற்றீர்கள் என்றே வைத்துக்கொள்வோம்: மாதம் 720 பவுண்ட் செலவில் ஐந்து வருடம் ஃபெராரி ஓட்டியிருப்பீர்கள். அப்படிப் பார்த்து "பரவாயில்லை, ஆசை" என்றால் அது உங்கள் உரிமை. ஆனால் அதை முதலீட்டுக் கணக்கில் எழுதக்கூடாது.

வரி பற்றி உங்களுக்குச் சொன்னவர்கள் பாதி சரி. பிரிட்டனில் பயணிகள் காரை விற்ற லாபத்துக்கு கேப்பிட்டல் கெயின்ஸ் டாக்ஸ் கிடையாது. மறுபாதி: நஷ்டம் வந்தால் அதை உங்கள் பங்கு லாபத்திலோ வேறெதிலோ கழிக்கவும் முடியாது. அடுத்தடுத்து வாங்கி விற்றால் வியாபாரம் என்று எடுத்துக்கொண்டு வருமான வரி கேட்பார்கள். உங்கள் காலத்துக்குப் பின் இன்ஹெரிட்டன்ஸ் டாக்ஸ் கணக்கிலும் காரின் மதிப்பு சேரும்.

"ஒரே உரிமையாளர்" என்பதையும் காகிதத்தில் பாருங்கள். வி5சி என்ற பதிவுச் சான்றிதழில் முந்தைய கீப்பர் (பதிவில் காரை வைத்திருப்பவர்) எத்தனை என்று இருக்கும். ஆனால் கீப்பர் வேறு, உரிமையாளர் வேறு. அந்தக் காகிதமே தான் உரிமைப் பத்திரம் அல்ல என்று சொல்கிறது. கம்பெனி பெயரில் வாங்கிப் பிறகு முதலாளி பெயருக்கு மாற்றியிருந்தால் ஓட்டியது ஒருவரே என்றாலும் கணக்கில் இரண்டு. மைலுக்கு அரசு இணையதளத்தில் எம்ஓடி வரலாறு இலவசமாகக் கிடைக்கும். 2005 முதல் ஒவ்வொரு சோதனையிலும் பதிந்த மைல் அதில் இருக்கும். கூட்டுத்தொகையைவிட அது ஏறிய விதம் முக்கியம். வருடம் 350, 400 என்று சீராக ஏறியிருந்தால் யாரோ எடுத்து ஓட்டிப் பராமரித்திருக்கிறார்கள். 2006-இல் 9,000, பிறகு பதினைந்து வருடம் ஒன்றுமே இல்லை என்றால் அது நிறுத்தி வைத்த கார். இடைவெளிக்கு எஸ்ஓஆர்என் (காரைச் சாலையில் ஓட்டவில்லை என்ற அறிவிப்பு) போட்டதற்கு ஆதாரம் கேளுங்கள், என் 6,500-ஐயும் இரட்டிப்பாக்குங்கள்.

டீலரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கார் உங்களுடையதா, வேறொருவருக்காக விற்றுத் தருகிறீர்களா? இந்த விலைக் கார்களில் இரண்டாவது மிகச் சாதாரணம். டீலரே விற்பவர் என்றால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, காரில் குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பித் தரும் உரிமை உங்களுக்கு உண்டு. முதல் ஆறு மாதத்தில் தெரியும் குறை விற்றபோது இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. அவர் ஏஜென்ட் மட்டும்தான் என்றால் உங்கள் ஒப்பந்தம் ஒரு தனி நபரோடு. இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் போய்விடும். உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதமும், பாக்கிக் கடன் இல்லை என்று காட்டும் ஹெச்பிஐ சோதனையும் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். டெபாசிட்டை கிரெடிட் கார்டில் கட்டினால் செக்‌ஷன் 75 காப்பாற்றும் என்று பலரும் நம்புகிறார்கள். விற்பவரோடு கார்டு கம்பெனியையும் பொறுப்பாக்கும் சட்டப்பிரிவு அது. ஆனால் பொருளின் விலை 30,000 பவுண்ட் வரைதான். 72,000 பவுண்ட் காருக்கு 500 பவுண்ட் டெபாசிட் கட்டினாலும் அந்தப் பிரிவு வராது.

என் யோசனை இது. ஃபிக்ஸ்ட் ரேட் முடியும் நாளில் அபராதம் இல்லாமல் கட்டலாம் என்பதால், சேமிப்பில் ஒரு 35,000-ஐ வீட்டுக்கடனில் இறக்குங்கள். ஆறு மாதக் குடும்பச் செலவைத் தொடாமல் வையுங்கள். மீதியை உங்கள் பெயரிலும் மனைவி பெயரிலும் வருடத்துக்குத் தலா 20,000 வரம்புள்ள ஐசாவில் (வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) சேர்த்து வாருங்கள், மாதத் தவணை குறைந்ததில் மிஞ்சுவதையும் அதிலேயே போடுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் லோன் இல்லாமல் வாங்கும் நிலை வரும். அப்போது 40,000, 50,000 மைல் ஓடிய, மூன்று நான்கு பேர் கை மாறிய, ஆனால் பில் கோப்பு இரண்டு அங்குலம் தடித்த 456 ஒன்றைத் தேடுங்கள். விலை இதைவிடக் கணிசமாகக் குறையும். பெல்ட், டேம்பர், ஹோஸ் எல்லாம் முந்தையவர் காசில் மாற்றியிருக்கும். நீங்கள் 10,000 மைல் ஓட்டினாலும் அதன் மதிப்பில் பெரிதாக ஒன்றும் குறையாது.

இதையெல்லாம் படித்த பிறகும் இந்த வண்டிதான் வேண்டும் என்றால், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஃபெராரி ஸ்பெஷலிஸ்டை 500 பவுண்ட் அளவில் கொடுத்துப் பார்க்க வையுங்கள். கம்ப்ரஷன் டெஸ்டோடு லீக்-டவுன் டெஸ்டும் கேளுங்கள் (சிலிண்டரில் அழுத்தம் நிற்கிறதா, கசிகிறதா என்று பார்ப்பவை). அந்தக் காலத்து ஃபெராரி இன்ஜின்களில் மென்மையான வால்வு கைடு (வால்வு ஏறி இறங்கும் குழல்) தேய்ந்து எண்ணெய் எரியும் பிரச்சினை உண்டு. 40,000 மைல் ஓடிய காரில் அது வெளியே வந்து சரிசெய்தாகியிருக்கும், 9,800 மைலில் இனிமேல்தான் தெரியவரும். இன்சூரன்ஸை ஒப்புக்கொண்ட மதிப்பு முறையில், வருடம் 2,000 மைல் வரம்போடு எடுங்கள். சாதாரண பாலிசி அன்றைய சந்தை விலையைத்தான் தரும். இரண்டு சாவி, அலாரம் ஃபோப், டூல் கிட், முத்திரையுள்ள சர்வீஸ் புத்தகம் நான்கையும் கண்ணால் பார்த்த பிறகே டெபாசிட். ரசீதில் "பரிசோதனை அறிக்கை வாங்குபவருக்குத் திருப்தியளிக்காவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்ற வரியும், மீட்டர் எண்ணும், சேஸி எண்ணும் இருக்க வேண்டும். அந்த வரியை எழுத டீலர் தயங்கினால் விலை பேசும் கட்டத்துக்கே போகாதீர்கள்.