அகஸ்டாவின் அலமாரி

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகள், பிப்ரவரியில் நூலகத்துக்குக் கறுப்பின மக்களின் கதை கேட்கப் போகிறாளாம். அது என்ன நிகழ்ச்சி அக்கா? இங்கே நடத்தலாமா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அங்கே பிப்ரவரி, கறுப்பின வரலாற்று மாதம். கறுப்பின வரலாற்றாசிரியர் கார்ட்டர் வுட்சன் 1926-இல் ஒரு வாரமாகத் தொடங்கியது, பிறகு மாதமானது. எனக்குப் பிடித்தவர் அகஸ்டா பேக்கர். 1937-இல் நியூயார்க் பொது நூலகத்தில், கறுப்பினத்தவர் அதிகம் வாழ்ந்த ஹார்லெம் பகுதிக் கிளையில் குழந்தைகள் நூலகராகச் சேர்ந்தார். அங்கிருந்த புத்தகங்கள் பலவற்றில் கறுப்பினத்தவர் கேலிச்சித்திரமாகவே வந்தார்கள். அந்தப் பிள்ளைகள் தங்களை எங்கே பார்ப்பார்கள்? நல்ல புத்தகங்களாகத் தேடித்தேடித் தனித் தொகுப்பே உருவாக்கினார். கதைசொல்லியாகவும் பேர் வாங்கினார். சிறுவர் நூல்கள் எழுதும் கறுப்பின எழுத்தாளர்களுக்கு 1970 முதல், மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி பெயரில் தரப்படும் கொரெட்டா ஸ்காட் கிங் விருதுக்கும் வித்திட்டவர்கள் நூலகர்கள்தான்.

இங்கேயா? தாராளமாக! 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் பக்கத்திலேயே இருக்கிறதே, கேட்டுப் பாருங்கள். நானாக இருந்தால் அனன்சி என்கிற தந்திரக்காரச் சிலந்தியின் கதையில் ஆரம்பிப்பேன். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களோடு கரீபியத் தீவுகளுக்குப் போன கதை அது. நம் தெனாலிராமன் மாதிரி குறும்பு. பொன்னாடை, வரவேற்புரை எல்லாம் வேண்டாம், பிள்ளைகள் தூங்கிவிடும். அப்புறம், கதை முடிந்ததும் புத்தகத்தை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.