வீட்டில் நண்பர்களோடு காசு வைத்துச் சீட்டாடினால் குற்றமா?

எவ்வளவு காசு வைக்கிறீர்கள் என்பதைவிட, அந்தக் காசில் வீட்டுக்காரர் கை வைக்கிறாரா என்பதுதான் பெரும்பாலும் முக்கியம். நான் வக்கீல் இல்லை, சீட்டுப் பைத்தியம். எங்கள் ஜமாவில் ஒருவருக்கு இதே பயம் வந்ததால் சட்டங்களைத் தேடிப் படித்தேன்.

இந்தியாவின் 1867ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்டச் சட்டம் குறி வைப்பது சூதாட்ட வீட்டை. சீட்டுக்கட்டு, பகடை மாதிரியான சாமான்களை வைத்துக்கொண்டு, அவற்றையோ இடத்தையோ ஆடக் கொடுத்து யாராவது லாபம் பார்த்தால்தான் அது சூதாட்ட வீடு. பல மாநிலங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு, அதனால் உங்கள் மாநிலத்தில் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரம்மி என்றால் இன்னும் கொஞ்சம் தெம்பு. அதில் திறமைதான் மிகுதி, மூன்று சீட்டு போல வெறும் அதிர்ஷ்டம் இல்லை என்று 1967இல் சத்யநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கில் சிக்கிய கிளப், ஆடுகிறவர்களிடம் வாங்கிய சிறு கட்டணத்தையும் லாபமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ரம்மியே ஆனாலும் இடத்துக்காரர் அதில் சம்பாதித்தால் குற்றமாகலாம் என்ற வரியும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ‘ரம்மிக்கு லைசென்ஸ் கொடுத்தாச்சு’ என்று பேசுகிறவர்கள் இந்த வரியை மட்டும் படிப்பதே இல்லை!

எங்களுக்கு உறுத்தியது இங்கேதான். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயித்தவர் பணத்திலிருந்து ‘கரண்ட் காசு’ என்று கொஞ்சம் எடுத்து வைப்போம். பிரிட்டனின் 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. வீட்டு ஆட்டத்துக்கு அங்கே அனுமதி உண்டு, ஆனால் ஆடக் கட்டணம் கூடாது. என்ன பெயர் வைத்து வாங்கினாலும் கட்டணம்தான், ஜெயித்த பணத்தில் பிடித்தாலும் கட்டணம்தான். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் இன்னொன்றும் கேட்கிறது: திறமை, அதிர்ஷ்டம் தவிர மற்றபடி எல்லோருக்கும் ஜெயிக்கும் வாய்ப்பு சமமாக இருக்க வேண்டும். ஒருவரே நிரந்தரமாக பேங்கர் (மற்ற எல்லோருடைய பந்தயத்துக்கும் எதிராக ஆடுபவர்) என்று உட்கார்ந்தால் அங்கே சிக்கல்.

ஆகவே கரண்ட் காசை நிறுத்திவிட்டோம். வாரம் ஒருவர் வீடு, செலவு அந்த வீட்டுக்காரருடையது.

‘ஆன்லைனில் ஆடலாமே’ என்று ஒருவர் ஆரம்பித்தார். அது வேறு கணக்கு. சிங்கப்பூர் 2022இல் குடும்பமும் நண்பர்களும் வீட்டில் நேரில் ஆடுவதை அனுமதித்தபோதே ஆன்லைனுக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை. இந்தியா 2025இல் கொண்டுவந்த சட்டம், திறமை ஆட்டமா இல்லையா என்றே பார்க்காமல் ஆன்லைன் பண ஆட்டங்களைத் தடை செய்கிறது.

கடைசியாக ஒன்று. தோற்றவர் ‘அடுத்த வாரம் தருகிறேன்’ என்றால் சீட்டை மூடி வையுங்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது, ஜெயித்த காசைக் கேட்டு கோர்ட்டுக்குப் போக முடியாது. எனக்கு வர வேண்டியது மூன்று பேரிடம் நிற்கிறது. பிரிவு 30ஐ அவர்களுக்குப் படித்துக் காட்டியதும் நான்தான்.