எலிப் பசை வேண்டாம், பொறியை இப்படி வைத்துப் பாருங்கள்

சகோதரி, மூன்று இரவு பொறி வைத்தும் எலி மாட்டவில்லை, எலியைக் கொல்லும் விஷப் பசை (எலி பேஸ்ட்) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் 2 வயதுக் குழந்தை இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அதில் மஞ்சள் பாஸ்பரஸ் என்ற நஞ்சு இருந்தால், குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் கல்லீரலையே அழித்துவிடும். அதற்கு மாற்று மருந்தும் கிடையாது.

எலிக்குப் புதுப் பொருள் என்றாலே சந்தேகம். பொறியின் கதவு விழாதபடி கட்டிவிட்டு, சுட்ட தேங்காய்த் துண்டோடு நாலைந்து நாள் அப்படியே விடுங்கள். தின்று பழகட்டும், அப்புறம் கட்டை அவிழுங்கள். அறை நடுவில் வைக்காதீர்கள், எலி சுவரை ஒட்டியே ஓடும். எங்கள் சமையலறையில் சிலிண்டருக்குப் பின்னால் சுவரோரம் கறுப்பாக ஒரு பிசுக்குக் கோடு தெரிந்தது. அதுதான் அதன் தடம். அங்கே வைத்த பொறியில்தான் கடைசியில் விழுந்தது.

பிடித்தால் மட்டும் போதாது, வழியையும் அடைக்க வேண்டும். கட்டைவிரல் நுழைகிற ஓட்டையே எலிக்குத் தாராளம். கம்பி நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசுங்கள்.

தோட்டத்திலும் தொல்லை இருந்தால், மரவள்ளியைத் தோண்டி, வளை வாயில் மண்ணைக் குவிப்பது பெருச்சாளியாகத்தான் இருக்கும். அதற்குப் பெரிய பொறி வேண்டும். வீட்டில் கிடக்கும் எலிப் புழுக்கையை உலர்வாகப் பெருக்காதீர்கள். ப்ளீச்சிங் தண்ணீர் தெளித்து, கையுறையோடு துடையுங்கள். எலிக்காய்ச்சல் பயம் இருக்கிறது.