ஆய்வுக் களஞ்சியத்தில் கட்டுரைகள் மட்டும்தானா?

கேள்வி: என் மகள் தாவரவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். சென்ற வாரம், 'களஞ்சியத்தில் ஏற்றிவிட்டேன்' என்று மகிழ்ச்சியோடு சொன்னாள். கட்டுரையா என்று கேட்டேன். இல்லை, மூன்று ஆண்டுகளாக இலைகளை அளந்து வைத்த எக்செல் கோப்பு என்றாள். இதையெல்லாமா உலகம் பார்க்கச் சேமித்து வைப்பார்கள்?
— திண்டுக்கல் வாசகி

பதில்: வைப்பார்கள். ஆய்வுக் களஞ்சியம் என்பது ஆய்வில் விளைந்தவற்றை இணையத்தில் நிலையாகச் சேமித்து, பிறர் பயன்படுத்தத் தரும் இடம். பல வேளைகளில் கட்டுரையைவிட அந்தக் கோப்புக்குத்தான் ஆயுள் அதிகம். கட்டுரை என்பது ஆய்வாளர் தம் அளவுகளிலிருந்து எடுத்த முடிவு. பத்து ஆண்டுகள் கழித்து வேறொருவர் அதே அளவுகளிலிருந்து முற்றிலும் வேறான ஒரு கேள்விக்கு விடை தேடலாம். ஆனால் அளவுகள் ஆய்வாளரின் மடிக்கணினியோடு மறைந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

இதற்கு மிகச் சிறந்த சான்று புரதங்களின் முப்பரிமாண வடிவங்களைச் சேமிக்கும் 'புரோட்டீன் டேட்டா பேங்க்'. 1971-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் அது தொடங்கியபோது அதில் இருந்தவை வெறும் ஏழு வடிவங்கள். ஒவ்வொரு வடிவமும், அணுக்கள் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்று சொல்லும் எண்களின் நீண்ட பட்டியலே தவிர வேறில்லை. அதாவது, உங்கள் மகளின் எக்செல் கோப்புக்கு நெருங்கிய உறவு. சிதம்பரத்தில் பிறந்து 2009-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் குழு கண்டறிந்த, உயிரணுவில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமின் வடிவமும் அங்கேதான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றித் தரவிறக்கலாம். அரை நூற்றாண்டாக இப்படி ஆய்வாளர்கள் சேர்த்துவைத்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வடிவங்களைப் பாடமாகக் கொண்டுதான் 'ஆல்ஃபாஃபோல்ட்' என்ற கணினிமுறை புரத வடிவங்களைக் கணிக்கக் கற்றுக்கொண்டது. 2024-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் ஒரு பாதி அதை உருவாக்கியவர்களுக்குச் சென்றது. 1970-களில் ஏதோ ஓர் ஆய்வகத்தில் அமர்ந்து தம் எண்களை ஒப்படைத்தவர் எவரும் இப்படியொரு பயனை எண்ணியிருக்க முடியாது.

எல்லாத் துறைக்கும் இப்படித் தனிக் களஞ்சியம் இல்லை. அந்தக் குறையைப் போக்கவே ஜெனிவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகம் 2013-இல் 'ஜெனோடோ' என்ற பொதுக் களஞ்சியத்தைத் திறந்தது. அலெக்சாந்திரியா நூலகத்தின் முதல் நூலகராகக் கருதப்படும் ஜெனோடோட்டஸின் பெயரே இப்படிச் சுருங்கியது. தரவுக் கோப்பு, கணினி நிரல், மாநாட்டில் ஒட்டிய சுவரொட்டி, உரைக்குப் பயன்படுத்திய படவில்லைகள், ஒளிப்படங்கள், எதிர்பார்த்த முடிவைத் தராத சோதனையின் அறிக்கை என எதையும் அங்கு வைக்கலாம். வைத்த ஒவ்வொன்றுக்கும் டிஓஐ என்னும் நிலையான அடையாள எண் கிடைக்கும். ஆகவே இன்னொருவர் உங்கள் மகளின் கோப்பைத் தம் கட்டுரையில் முறைப்படி மேற்கோள் காட்ட முடியும். அவளுடைய மகிழ்ச்சிக்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மேலே உள்ள பட்டியலில் நான் கடைசியாகச் சொன்ன வகையை, எதிர்பார்த்த முடிவைத் தராத சோதனையை, மீண்டும் ஒருமுறை பாருங்கள். தோல்வியுற்ற சோதனையை வெளியிட ஆய்விதழ்கள் பெரும்பாலும் விரும்புவதில்லை. அதனால் ஒருவர் தோற்ற இடத்திலேயே இன்னொருவரும் பணத்தையும் காலத்தையும் செலவழித்துத் தோற்கிறார். களஞ்சியங்களில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றுவது இந்தப் பகுதிதான். ஆனால் துணிந்து அங்கே கொண்டுவந்து வைப்பவர்கள் குறைவு.

கேள்வி: மதிப்பீடு செய்யாமலேயே கட்டுரைகளை ஏற்றுக்கொள்ளும் தளங்கள் உள்ளன என்கிறார்கள். அப்படியானால் அவற்றில் இருப்பதை நம்பலாமா?
— கோவை வாசகர்

பதில்: 'காக்கப்பட்டது' வேறு, 'சரிபார்க்கப்பட்டது' வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால் போதும்.

நீங்கள் குறிப்பிடுபவை முன்பதிப்புத் தளங்கள்; அதாவது, ஆய்விதழின் சக அறிஞர் மதிப்பீட்டுக்கு முன்பே கட்டுரையைப் பொதுவில் வைக்கும் இடங்கள். இவற்றில் மூத்தது ஆர்கைவ் (arXiv). அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலின் நடுவில் நிற்பது எக்ஸ் அல்ல, கிரேக்க எழுத்தான 'கை'. எனவே 'ஆர்க்சிவ்' என்று படிக்க வேண்டியதில்லை. இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் 1991 ஆகஸ்டில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் இதைத் தொடங்கினார். 2001-இல் அவரோடு அதுவும் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு இடம்பெயர்ந்தது. அதற்கு முன்பு இயற்பியலாளர்கள் தம் கட்டுரைப் படிகளை அஞ்சலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தனர். பெரிய பல்கலைக்கழகங்களில் இருந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது, மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

கிரிகோரி பெரெல்மான் என்ற ரஷ்யக் கணிதவியலாளர் நூறாண்டுப் புதிராக இருந்த புவான்காரே ஊகத்தின் நிறுவலை 2002 நவம்பருக்கும் 2003 ஜூலைக்கும் இடையே மூன்று கட்டுரைகளாக ஆர்கைவில் மட்டும் வைத்தார். எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவில்லை. உலகின் கணிதவியலாளர்கள் அவற்றை வரி வரியாகச் சோதித்து, நிறுவல் சரியென ஏற்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பிடித்தன. அவருக்கு 2006-இல் ஃபீல்ட்ஸ் பதக்கமும் 2010-இல் பத்து லட்சம் டாலர் பரிசும் அறிவிக்கப்பட்டன. இரண்டையும் அவர் மறுத்துவிட்டார். பதக்கத்தை மறுத்ததை விடுங்கள், மதிப்பீடு இங்கேயும் நடந்தது என்பதைக் கவனியுங்கள். வெளியீட்டுக்கு முன் இருவரோ மூவரோ செய்வதற்குப் பதிலாக, வெளியீட்டுக்குப் பின் பலர் செய்தார்கள்.

மறுபக்கமும் உண்டு. 2020 ஜனவரி இறுதியில், புதிய கொரோனா கிருமியின் புரதத்தில் எச்ஐவியை ஒத்த துண்டுகள் இருப்பதாகக் கூறிய, இந்தியாவிலிருந்து வந்த முன்பதிப்பு ஒன்று உயிரியலுக்கான பயோஆர்கைவ் தளத்தில் வெளியாயிற்று. அத்தகைய சிறு துண்டுகள் வேறு எத்தனையோ உயிரிகளிலும் தற்செயலாகக் காணப்படுபவை என்று அறிவியலாளர்கள் உடனே சுட்டிக்காட்ட, சில நாட்களுக்குள் ஆசிரியர்களே அதைத் திரும்பப் பெற்றனர். ஆனால் அதற்குள் அது வாட்ஸ்அப் வழியே ஊரெங்கும் போய்விட்டது. அந்த முன்பதிப்பு அழிக்கப்படவில்லை. திரும்பப் பெறப்பட்டது என்ற குறிப்போடு இன்றும் தளத்தில் இருக்கிறது. அதை நான் சரியென்றே சொல்வேன்: தவறு நடந்ததற்கான பதிவும் ஆய்வின் வரலாற்றில் ஒரு பகுதி. படிப்பவர் முதல் பக்கத்தில் மதிப்பீட்டு நிலையையும் பதிப்பு எண்ணையும் பார்த்துவிட்டு உள்ளே போக வேண்டும்.

கேள்வி: என் ஆய்வேட்டை இணையத்தில் வைத்தால் யாராவது திருடிவிடுவார்களே?
— நெல்லை வாசகர்

பதில்: அலமாரியில் பூட்டிவைத்த ஆய்வேட்டைத் திருடினால் கண்டுபிடிப்பதுதான் கடினம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின், இந்திய ஆய்வேடுகள் காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் 'ஷோத்கங்கா'வில் சேர்க்கப்படுகின்றன. பெயரும் நாளும் பதிந்து பொதுவில் நிற்கும் ஏட்டோடு ஒப்பிட்டுத் திருட்டை எளிதில் காட்டிவிடலாம். என் கவலை வேறு: அங்கே தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகள் பல, ஒளிநகல் எடுத்த படங்களாகவோ பழைய எழுத்துருக்களிலோ கிடக்கின்றன, ஒரு சொல்லைக் கொடுத்துத் தேடினால் அகப்படுவதில்லை. உங்களுடையதை யுனிகோடில் கொடுங்கள். திருட்டுக்கு அஞ்சுவதைவிட, யார் கண்ணிலும் படாமல் போவதற்கு அஞ்சலாம்.

கேள்வி: என் தந்தை ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். 1980-களில் ஊர் ஊராகச் சென்று தாலாட்டும் ஒப்பாரியும் பதிவு செய்த கேசட்டுகள் நாற்பது எங்கள் வீட்டில் உள்ளன. இவற்றைக் களஞ்சியத்தில் சேர்க்க முடியுமா?
— மதுரை வாசகி

பதில்: முடியும், சேர்க்கவும் வேண்டும். களப்பதிவுகளும் களக்குறிப்பேடுகளும் இன்று ஆய்வுப் பொருளாகவே மதிக்கப்படுகின்றன. அருகிவரும் மொழிகளுக்கான 'ஈலார்' ஆவணகம், ஆஸ்திரேலியாவின் 'பாரடிசெக்' ஆகியவை இத்தகைய களப்பதிவுகளையே முதன்மையாகக் காக்கின்றன. அவற்றிலிருந்து நாம் கற்க வேண்டியது, எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்துவிடாத பக்குவம்: சில பதிவுகளை யாரும் கேட்கலாம், சிலவற்றைக் கேட்க அனுமதி பெற வேண்டும். ஒப்பாரி ஒரு வீட்டின் துக்கம். அன்று ஒலிப்பதிவுக் கருவியின் முன் பாடிய பெண், அது கைப்பேசியில் உலகம் முழுவதும் ஒலிக்கும் என்று நினைத்திருக்க மாட்டார். அவரோ அவர் பிள்ளைகளோ இருந்தால் கேட்டுவிடுங்கள். கேட்க இயலாதவற்றைப் பொதுவில் திறக்காமல் வையுங்கள்.

கேசட்டுகளைத் தேர்ந்த ஒருவரிடம் கொடுத்து, எம்பி3 ஆக அன்றி, சுருக்கப்படாத வேவ் கோப்பாக மாற்றுங்கள், மூலத்தை எறிந்துவிடாதீர்கள். படிகளை ஒரே இடத்தில் வைக்க வேண்டாம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் கூடவே எரிந்தன. இணையத்தில் இருப்பதும் ஓர் இடத்தில் இருப்பதுதான்: 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலுக்குப் பின் பிரிட்டிஷ் நூலகத்தின் மின்சேவைகள் பல மாதக்கணக்கில் முடங்கின. ஒரு படி பொதுக் களஞ்சியத்திலும், இன்னொன்று உங்கள் பகுதிப் பல்கலைக்கழகத்திலோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்திலோ இருக்கட்டும்; ஏற்றுக்கொள்வார்களா என்று முதலில் எழுதிக் கேளுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு கேசட்டையும் எடுத்துக்கொண்டு தந்தையின் பக்கத்தில் உட்காருங்கள். பாடியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, யார் வீட்டுத் திண்ணை, பாட்டில் வரும் பெயர்கள் யாருடையவை என்று கேட்டு எழுதுங்கள். ஒலியை நாடாவிலிருந்து அடுத்த ஆண்டும் எடுக்கலாம்.