வாசகர் கேள்வி: ஓவன்ஸும் மக்நாப்பும் ஏன் பிரிந்தார்கள்?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டில் ஒரு குளிர்காலம் தங்கியபோது அந்நாட்டுக் கால்பந்தைப் பார்க்கப் பழகிக்கொண்டேன். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியை டெரல் ஓவன்ஸும் டானவன் மக்நாப்பும் சேர்ந்து இறுதிப் போட்டிவரை கொண்டுசென்றார்கள் என்றும், அடுத்த பருவத்திலேயே பேசிக்கொள்ளாத நிலைக்கு வந்துவிட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். என்ன நடந்தது?

பதில்: அந்த ஆட்டத்தில் ஏறக்குறைய எல்லா நகர்வும் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் கையிலிருந்துதான் தொடங்கும். அதைப் பிடிக்கும் ரிசீவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும், எவ்வளவு அழகாக எதிராளியிடமிருந்து விலகி நின்றாலும், பந்து தன் பக்கம் வருமா என்பதை முடிவு செய்பவர் அவர் அல்லர். ஓவன்ஸ் ரிசீவர்; மக்நாப் குவார்ட்டர்பேக்.

1999 முதல் ஈகிள்ஸ் அணியில் ஆடிவந்த மக்நாப், 2001 முதல் 2003 வரை மூன்று பருவங்களிலும் தொடர்ந்து, லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்கு ஒரு படி முன்னதாகத் தோற்றவர். 2004இல் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஓவன்ஸ் வந்து சேர்ந்ததும் அந்தத் தடை உடைந்தது. ஓவன்ஸ் 14 ஆட்டங்களில் பந்தைப் பிடித்து 1,200 யார்டுகள் முன்னேறி, 14 டச் டவுன்களும் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்ப்பது) எடுத்தார். மக்நாப் 31 டச் டவுன் பாஸ்கள் எறிந்து, எதிரணியிடம் பறிகொடுத்தவை எட்டு மட்டுமே. டிசம்பரில் டாலஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஓவன்ஸின் கால் எலும்பு முறிந்தது. காலுக்குள் தகடும் திருகாணிகளும் வைத்துத் தைத்த மருத்துவர் ஆடச் சம்மதிக்காத நிலையிலும், ஏழே வாரங்களில், 2005 பிப்ரவரி 6 அன்று ஜாக்சன்வில்லில் நடந்த சூப்பர் பௌலில் அவர் இறங்கி 9 பந்துகளைப் பிடித்து 122 யார்டுகள் எடுத்தார். ஆனாலும் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 24–21 என்று வென்றது.

தகராறின் வேர் இதற்குப் பிறகுதான் வெளியே தெரிந்தது. ஏழு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 4.9 கோடி டாலர் என்று 2004இல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை, ஒரே பருவம் முடிந்த நிலையில், திருத்தித் தரவேண்டும் என்று ஓவன்ஸ் கேட்டார். பேராசை என்று பலர் ஏசினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த லீகில் ஒப்பந்தத் தொகையின் பெரும்பகுதிக்கு அக்காலத்தில் உத்தரவாதம் இருப்பதில்லை. அணி நினைத்தால் எந்த ஆண்டும் வீரரை விலக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுக்காமல் இருக்கலாம், வீரர் நினைத்தால் விலக முடியாது. முறிந்த காலோடு ஆடிய 31 வயதுக்காரர் தன் விலையை உறுதிப்படுத்திக்கொள்ள முயன்றதில் நியாயம் இருந்தது. நிர்வாகம் மறுத்தது. நிர்வாகத்தின் மேல் இருந்த கோபத்தை, 2002இலேயே 12 ஆண்டுகளுக்கு 11.5 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றிருந்த மக்நாப்பின் மேல் திருப்பியதுதான் ஓவன்ஸ் செய்த பிழை.

கேள்வி: “சூப்பர் பௌலில் களைத்துப்போனவன் நானல்ல” என்று ஓவன்ஸ் சொன்னது மக்நாப்பைக் குறித்துத்தானா? அதில் உண்மை உண்டா?

பதில்: அவரைக் குறித்துத்தான்; அமெரிக்காவில் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டவர் எவரும் இல்லை. பத்துப் புள்ளிகள் பின்தங்கியிருந்த ஈகிள்ஸ், ஆட்டம் முடிய ஆறு நிமிடங்கள்கூட இல்லாத நேரத்தில் பந்தைப் பெற்றும் அவசரமே காட்டாமல் ஏறக்குறைய நான்கு நிமிடங்களைச் செலவழித்து ஒரு டச் டவுன் எடுத்தது. மக்நாப்புக்கு உடம்பு முடியவில்லை என்று சக வீரர்கள் சிலர் பேட்டிகளில் சொல்லப்போக, அவர் மறுத்தார். ஆனால் அன்று அவர் 357 யார்டுகளும் மூன்று டச் டவுன்களும் எறிந்தார் என்பதையும், மூன்று பந்துகளை எதிரணியிடம் பறிகொடுத்தார் என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும். நிதானமாக ஆடியதற்குப் பயிற்சியாளர் ஆண்டி ரீடுக்கும் பொறுப்பு உண்டு. உள்ளறையில் கேட்டிருக்கவேண்டிய கேள்வியை ஊரறியக் கேட்டதால், அது கேள்வியாக இல்லாமல் அவமதிப்பாகிவிட்டது.

கேள்வி: இத்தனை திறமையுள்ளவரை அணி ஏன் பருவத்தின் நடுவில் வெளியேற்றியது?

பதில்: 2005 ஆகஸ்டில் பயிற்சி முகாமிலிருந்து ரீட் அவரை ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பினார், அவரோ நியூ ஜெர்சியில் தம் வீட்டு வாசலில், தொலைக்காட்சிக் கேமராக்களின் முன்னால் உடற்பயிற்சி செய்துகாட்டினார். அதுவரை வேடிக்கைதான். நவம்பரில் ஒரு பேட்டியில், தம் நூறாவது டச் டவுனை அணி கொண்டாடாததைக் குறைகூறியதோடு, வேறோர் அணியின் வீரரான பிரெட் ஃபார்வ் குவார்ட்டர்பேக்காக இருந்தால் அணி மேலான நிலையில் இருக்கும் என்ற கருத்தையும் ஒப்புக்கொண்டார். அதே வாரத்தில், முன்னாள் சக வீரர் ஹியூ டக்ளஸுடன் கைகலப்பும் நடந்தது.

ஃபார்வ் பற்றிய பேச்சு மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாகத் தைத்தது; அதற்குக் காரணம் உண்டு. கறுப்பின குவார்ட்டர்பேக் வெற்றி பெறவேண்டும் என்ற ஊடகங்களின் ஆசையால்தான் மக்நாப் மிகைப்படுத்திப் புகழப்படுகிறார் என்று 2003இல் வலதுசாரி வானொலி விமர்சகர் ரஷ் லிம்பா தொலைக்காட்சியில் சொல்லி, எதிர்ப்பு எழுந்ததும் அந்தப் பணியிலிருந்து விலகினார். அந்தக் காயத்தைச் சுமந்தவரிடம், அவருடைய இடத்தில் ஒரு வெள்ளையர் இருந்தால் நன்றாக இருக்கும் என்பதைக் கறுப்பினத்தவரான சக வீரரே ஏற்றுக்கொண்டால் எப்படி இருக்கும்? கறுப்பினத்தவர் கறுப்பினத்தவருக்கே இழைக்கும் குற்றம் என்ற பொருள்படவே மக்நாப் பிறகு பேசினார். மிகையான சொல்லாக இருக்கலாம். வலி மிகையானது அன்று.

நான்கு ஆட்டங்கள் சம்பளமில்லாத இடைநீக்கம், அதன்பின் பருவம் முடியும்வரை களமிறங்கத் தடை என்பது தீர்ப்பு. வீரர்கள் சங்கம் முறையிட்டது. அந்த முறையீட்டை விசாரித்த நடுவர் ரிச்சர்ட் பிளாக் அணியின் பக்கமே தீர்ப்பளித்தார். குவார்ட்டர்பேக்கை இழந்தால் அணியையே புதிதாகக் கட்டவேண்டும், ரிசீவரை இழந்தால் ஒரு பருவம் போகும் என்பதே நிர்வாகத்தின் கணக்கு. பருவம் போகத்தான் செய்தது: காயத்தால் மக்நாப்பும் விலக, ஈகிள்ஸ் ஆறு வெற்றிகளோடும் பத்துத் தோல்விகளோடும் முடித்தது.

கேள்வி: கடைசியில் யாருக்கு லாபம்?

பதில்: பணத்தில் ஓவன்ஸுக்கு இழப்பில்லை, 2006 மார்ச்சில் ஈகிள்ஸ் விடுவித்ததும், மூன்று ஆண்டுகளுக்கு 2.5 கோடி டாலருக்கு, பரம எதிரியான டாலஸ் அணியே அவரை எடுத்துக்கொண்டது. 2018இல் அந்தக் கால்பந்தின் புகழ் மண்டபத்துக்குத் தேர்வான அவர், கேன்டனில் நடந்த விழாவுக்குப் போகாமல், தாம் படித்த சட்டனூகா பல்கலைக்கழகத்தில் தனியாக உரையாற்றினார். மக்நாப்பின் 5ஆம் எண் சட்டையை ஈகிள்ஸ் 2013இல் வேறு எவருக்கும் தருவதில்லை என்று ஓய்வுகொடுத்தது. ஆனால் இருவருமே சூப்பர் பௌல் கோப்பையைத் தொட்டதில்லை. 2004 பருவத்துக்குப் பிறகு அந்த இறுதி ஆட்டத்தில் இருவரும் ஆடியதுகூட இல்லை.