செடியோடு விமானம் ஏறலாமா? (கேள்வி-பதில்)

அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குக் கறிவேப்பிலைக் கன்று கொண்டுபோக ஆசை. வேரைக் கழுவி, ஈரத்துணியில் சுற்றினால் விடுவார்களா? (வாசகி, திருச்சி)

விடமாட்டார்கள். இங்கே மண் பிரச்சினை இல்லை, செடியேதான் பிரச்சினை. கறிவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த மரங்களைக் கொல்லும் 'சிட்ரஸ் கிரீனிங்' நோயைப் பரப்பும் குட்டிப் பூச்சிக்குக் கறிவேப்பிலைக் கொழுந்து என்றால் உயிர். 2005-இல் ஃபுளோரிடாவில் அந்த நோய் தெரியவந்த பிறகு ஆரஞ்சுத் தோப்புகள் அடைந்த நஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. பச்சை இலையைக்கூட விமான நிலையத்திலேயே பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.

தடைப் பட்டியலில் இல்லாத வேறு செடிகளை, மண் துளியும் இல்லாமல், 12 வரை தனி அனுமதி வாங்காமல் கொண்டுபோகலாம். ஆனால் செடியில் நோயும் பூச்சியும் இல்லை என்று இந்திய அரசு தரும் 'பைட்டோசானிட்டரி' சான்றிதழ் கட்டாயம். சென்னைக்காரர்கள் மீனம்பாக்கம் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையத்தில் கேளுங்கள். கறிவேப்பிலையை மகள் அங்கேயே ஒரு நர்சரியில் வாங்கட்டும். தன் மாநிலத்துக்கு அனுப்ப அந்த நர்சரிக்கு அனுமதி உண்டா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

பாரிஸில் உள்ள மருமகளுக்கு மல்லிகைக் கன்று, தேங்காய், ஒரு பலாப்பழம். எது போகும்? (வாசகர், புதுச்சேரி)

தேங்காய் போகும். அன்னாசி, வாழைப்பழம், பேரீச்சை, துரியன் ஆகியவையும் போகும். 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சான்றிதழ் இல்லாமல் நுழையக்கூடிய பழங்கள் இந்த ஐந்துதான். பலா அதில் இல்லை. மல்லிகையும் அரளியும் அவர்களுடைய 'அதிக ஆபத்து' பட்டியலில் இருப்பதால் சான்றிதழ் வாங்கினாலும் இங்கிருந்து கன்று போகாது.

இன்ஸ்டாகிராமில் ஒருவர் தாய்லாந்து ஆர்க்கிட் வரவழைத்துத் தருவதாக 18,000 ரூபாய் வாங்கினார். "பேப்பர் எல்லாம் என் பொறுப்பு" என்றார். பார்சல் பிடிபட்டு அழிக்கப்பட்டதாம். இப்போது "கஸ்டம்ஸ் ரிஸ்க் உங்களுடையது" என்கிறார். (வாசகி, கோவை)

உங்கள் மேல் தவறே இல்லை அம்மா. செடியை இறக்குமதி செய்ய இந்தியாவில் முதலில் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும், அனுப்பும் நாட்டின் சான்றிதழும் வேண்டும். ஆர்க்கிட் என்பதால், அரிய செடிகள், விலங்குகளின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் தாள்களும் சேரும். இதெல்லாம் தன் பொறுப்பு என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். பார்சல் பிடிபட்டதற்கான கடிதத்தின் நகலை அவரிடம் கேளுங்கள். பல சமயம் அப்படி ஒரு பார்சலே இருக்காது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது.

'இம்போர்ட்டட்' என்ற சொல்லுக்கு நானும் காசு கொடுத்தவன்தான். தாய்லாந்து அடீனியம் என்று வாங்கிய தொட்டியின் ஸ்டிக்கர் ஒரு மழையில் உரிந்தது. அடியில் எங்கள் பக்கத்து ஊர் நர்சரியின் விலைச்சீட்டு, 120 ரூபாய். நான் கொடுத்த விலையைக் கேட்காதீர்கள்.

சிங்கப்பூர் நண்பர் வீட்டிலிருந்து மணிபிளான்ட் தண்டு ஒன்றை சாக்ஸுக்குள் சுருட்டிக் கொண்டுவந்தேன், யாரும் பார்க்கவில்லை. இப்போது இலைக்கு அடியில் வெள்ளையாக மாவு மாதிரி ஏதோ. என்ன மருந்து அடிக்கலாம்? (வாசகர், பெயர் வேண்டாம் என்கிறார்)

பெயர் வேண்டாம் என்பது புரிகிறது. மருந்து அப்புறம். செடியைத் தொட்டியோடு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள். குப்பையில் வீசாமல், வேளாண் பல்கலைக்கழகத்துக்கோ தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையத்துக்கோ தகவல் சொல்லுங்கள்.

உள்ளூர் மாவுப்பூச்சியாகவும் இருக்கலாம், சரி. இல்லையென்றால்? 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றையும் விடவில்லை. அடித்த மருந்துக்கெல்லாம் அடங்காமல், கடைசியில் 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் எதிரியான ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்துத்தான் அடக்கினார்கள். 2016-இல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ. அதுவும் அயல்நாட்டு வரவு. அது கழிக்கும் சர்க்கரைத் தண்ணீர் கீழ் மட்டைகளில் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, தோப்பு முழுக்கக் கரி பூசினாற்போல் ஆகிவிடும். மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்துக்கு மரம் கட்டிக்கொண்டிருக்கும் விவசாயி உங்களை மாதிரி ஊர் சுற்றப் போனவர் அல்ல. 'ஒரே ஒரு தண்டுதானே' என்று எனக்கு எழுதுபவர்களுக்கு நான் பதில் போடுவதே இல்லை. நீங்கள் மருந்து கேட்டதால் போட்டேன்.

வெளிநாட்டு இணையதளத்தில் நீல ரோஜா விதை, 100 விதை 199 ரூபாய். வாங்கலாமா? (வாசகி, மதுரை)

ரோஜாவில் நீல நிறமியே கிடையாது. முளைத்தால் வேறு ஏதாவது முளைக்கும்.

ஆஸ்திரேலியா போகிறோம். பையில் கொஞ்சம் துளசி விதை. செடி, விதை இருக்கிறதா என்று கேட்டு விமானத்தில் தரும் அட்டையில் 'இல்லை' என்று போட்டுவிட்டால்? (வாசகர், சேலம்)

அபராதம் வரலாம். 2019-லிருந்து விசாவையே ரத்து செய்து அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. 'ஆம்' என்று எழுதி எடுத்துக் காட்டினால், ஆகாத விதையை வாங்கி வைத்துக்கொண்டு உங்களை அனுப்பிவிடுவார்கள்.