‘சேமிக்கப்பட்டது’ என்று வருகிறது, சேமிப்பாகவில்லை

அன்புள்ள ஐயா,

வெப் ஆப் எழுதப் பழகுகிறேன். பக்கம் மாறாமல் ஃபார்மை அனுப்ப ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் கட்டளையைப் பயன்படுத்தினேன். ‘சேமிக்கப்பட்டது’ என்று திரையில் வருகிறது, டேட்டாபேஸில் ஒன்றும் இல்லை. பிழையைப் பிடிக்கும் கேட்ச் பகுதிக்கு எதுவும் வரவில்லை. சில சமயம் ஒரே பதிவு இரண்டு முறை ஏறிவிடுகிறது. பேசாமல் பக்கம் மாறும் பழைய முறைக்கே போய்விடலாமா?

க.

அன்புள்ள க.,

கேட்ச் பகுதியை நம்பியதால் வந்த சிக்கல் இது. ஃபெட்ச், சர்வரிடமிருந்து பதிலே கிடைக்காதபோதுதான் பிழை என்று கேட்சுக்குள் வரும். சர்வர் 404 (கேட்டது இல்லை) என்றோ 500 (சர்வரில் கோளாறு) என்றோ சொன்னால், பதில் வந்துவிட்டது என்றே அது எடுத்துக்கொள்ளும். உங்கள் ‘சேமிக்கப்பட்டது’ வரியும் ஓடிவிடும். பதிலில் ‘ஓகே’ என்று ஒரு மதிப்பு இருக்கிறது. ஸ்டேட்டஸ் எண் 200 முதல் 299 வரை இருந்தால் மட்டுமே அது ட்ரூ. அதைப் பார்த்த பிறகே எதையும் காட்டுங்கள். இந்த ஒரு சோதனையை விட்டுவிட்டு நானும் ஒரு நாள் முழுக்கத் தேடியிருக்கிறேன். ஃபெட்சுக்கு முன்பு இதே வேலைக்குப் பயன்பட்ட எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரிக்வெஸ்ட்டிலும் இதே கதைதான்: 404 வந்தாலும், பதில் வந்ததற்கான ஆன்லோட்தான் ஓடும், பிழைக்கான ஆன்எரர் ஓடாது.

அப்புறம் அந்த இரட்டைப் பதிவு. பக்கம் மாறும்போது பிரவுசர் தானாகவே ஏதோ நடக்கிறது என்று காட்டும். பக்கம் மாறாமல் தடுக்கும் ப்ரிவென்ட்டிஃபால்ட் கட்டளையைப் போட்டு அதை நிறுத்தியது நீங்கள், ஆகவே அந்த வேலையும் உங்கள் தலையில். பட்டனை அழுத்தியவருக்கு எதுவும் அசையவில்லை என்றால் மறுபடி அழுத்தத்தானே செய்வார்? பட்டனை முடக்கி, ‘அனுப்புகிறோம்’ என்று காட்டுங்கள். அந்த வாசகத்தை ஏரியா-லைவ் (மாறும் எழுத்தை ஸ்கிரீன் ரீடர் படித்துச் சொல்ல வைக்கும் குறிப்பு) உள்ள இடத்தில் வையுங்கள், திரையைப் பார்க்காமல் ஸ்கிரீன் ரீடரில் கேட்பவருக்கும் தெரிய வேண்டும்.

அது மட்டும் போதாது. சர்வரில் பதிவு ஏறி, பதில் மட்டும் வழியில் தொலைந்துபோனால், அவர் நியாயமாகவே இன்னொரு முறை அனுப்புவார். ஃபார்மோடு ஒரு தனி அடையாள எண்ணும் போகட்டும். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாக ஏற்றாமல் முன்பு தந்த பதிலையே தர வேண்டும்.

பழைய முறையை விட வேண்டியதே இல்லை. ஃபார்மை எங்கே, எப்படி அனுப்புவது என்று சொல்லும் ஆக்‌ஷனும் மெத்தடும் அப்படியே இருக்கட்டும், ஸ்கிரிப்ட் ஏறாத போனிலும் அது வேலை செய்யும். அனுப்பிய பிறகு ஆள் வேறு திரைக்குத்தான் போகப்போகிறார் என்றால், பக்கம் மாறட்டும், அங்கே ஃபெட்ச் வேண்டாம் என்பேன்.

பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க்கை ‘ஆஃப்லைன்’ ஆக்கி ஒரு முறை, மெதுவாக்கி ஒரு முறை அனுப்பிப் பாருங்கள். என்ன தெரிகிறது என்று எழுதுங்கள்.